சாயநீரைத் தெளிவிக்கும் மரக்காளான்

நீர் நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது என்பது நாம் பாலர் வகுப்பிற் படித்த பாடம். துணிக்குச் சாயமிடும் பட்டறையொன்றின் பின்புறத்து வாய்க்காலைப் பார்ப்பவருக்கு இப்பாடம் ஐயத்துக்குரியதாய்த் தோன்றும். அங்கே நீர் ஒருநாட் சிவந்தும் மறுநாள் நீலமாயும் ஓடும். அந்நீர் எங்கே செல்கின்றது, கிணற்றுக்கும் பயிருக்கும் அதனால் விளைவது யாது, அதனைத் தெளிவிப்பதற்கு மரத்தை உக்கச் செய்யும் காளான் எவ்வளவிற்கு உதவும் என்பவற்றைக் கண்டிப் பகுதிக் கமக்காரரும், பற்றிக் மற்றும் கைத்தறித் தொழில் புரிவோரும் அறிந்திருத்தல் நன்று.

நீர் செல்லும் வழி

கண்டி வாவியின் மிகைநீரைக் கொண்டு புறப்படும் மெத எல என்னும் ஓடை, நகரினூடாகச் சென்று கெட்டம்பேக்கு அருகில் மகாவலி கங்கையிற் கலக்கின்றது. அக்குறணைப் பக்கத்திலிருந்து வரும் பிங்கா ஓயா, கட்டுகஸ்தோட்டைப் பகுதியில் அதே கங்கையைச் சேர்கின்றது. இவ்விரண்டும் சேர்ந்த பின்னரே கங்கை பொல்கொல்லை அணையை அடைகின்றது. 1976 ஆம் ஆண்டு முதல் அவ்வணையிலிருந்து ஒரு பகுதி நீர் சுரங்க வழியாக உக்குவெலைக்குத் திருப்பப்பட்டு, அம்பன் கங்கை வழியே வரண்ட வலய வயல்களுக்குப் பாய்ச்சப்படுகின்றது. எஞ்சியது விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குச் செல்கின்றது. கண்டி மக்கள் பருகும் குழாய் நீரும் இக்கங்கையிலிருந்தே எடுக்கப்படுகின்றது.

ஆதலின், கண்டியில் ஓடையில் ஊற்றப்படும் ஒரு வாளிச் சாயநீர் கண்டியோடு நின்றுவிடுவதில்லை. முதலில் அஃது அயல் வளவின் கிணற்றையும் கீரைப் பாத்தியையும் தொடும். பின்னர், முகமறியாத கமக்காரன் ஒருவனின் வரம்புவரை செல்லும்.

சாயத்தின் இயல்பு

முற்காலத்திற் சாயங்கள் யாவும் மரஞ்செடிகளிலிருந்தும் மண்ணிலிருந்தும் உயிர்களிலிருந்துமே பெறப்பட்டன. குண்டசாலைப் பக்கத்து ஹேனாவலக் கிராமத்தில் நெய்யப்படும் தும்பறைப் பாய்களுக்குப் பதங்கக் கட்டையிலிருந்து சிவப்பும், மரமஞ்சளிலிருந்து மஞ்சளும், கடுக்காய் முதலியவற்றிலிருந்து கறுப்பும் எடுப்பது மரபு. இக்கைவினை 2021 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. இச்சாயங்கள் செடிகள் ஆக்கியவை. ஆகையால் மண்ணிலுள்ள நுண்ணங்கிகள் அவற்றை அறிந்துள்ளன.

1856 ஆம் ஆண்டில் வில்லியம் பேர்க்கின் என்னும் ஆங்கிலேய இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயமொன்றை ஆக்கிய பின்னர், செயற்கைச் சாயங்கள் உலகெங்கும் பரவின. அவற்றுட் பெருந்தொகையானவை அசோ சாயங்கள் எனப்படும். வெயிலிலும் மழையிலும் சவர்க்கார நீரிலும் வெளிறாதிருத்தலே நல்ல சாயத்துக்கு இலக்கணம் எனக் கொள்கிறோம். துணியில் நாம் வேண்டும் அவ்வுறுதியே ஓடையிற் கேடாக முடிகின்றது. துணியிற் பற்றாது கழுவுநீருடன் வெளியேறும் சாயம், அதே உறுதியுடன் நீரில் நின்றுவிடுகின்றது.

இச்சாயநீர் வெயிலை மறைத்து நீர்த்தாவரங்களின் உணவாக்கத்தைத் தடுக்கும். சேற்றினுட் சென்று காற்றில்லாத இடத்திற் பற்றீரியாக்களின் செய்கைக்கு உட்படும் அசோ சாயம், நிறத்தை இழந்து அரோமற்றிக் அமீன்கள் என்னும் பொருள்களாகப் பிரியும். அவற்றுட் சில புற்றுநோயை விளைப்பவை. இது காரணமாகவே, அத்தகைய அமீன்களை வெளிவிடும் சாயங்களைத் துணிகளிற் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2002 ஆம் ஆண்டில் தடைசெய்தது. நீரில் நிறம் நீங்கியது என்பதால் நஞ்சும் நீங்கியது எனக் கொள்ளலாகாது என்பதை இங்கே மனத்திற் பதித்துக்கொள்க.

நொய்யல் ஆற்றின் பாடம்

சாயநீரால் கமத்துக்கு நேரும் தீங்கை அறிவதற்குத் தமிழ்நாட்டின் திருப்பூர் தக்க உதாரணமாகும். பின்னலாடைத் தொழிலாற் பெயர்பெற்ற அந்நகரின் சாயப்பட்டறைக் கழிவுநீர் பல ஆண்டுகளாக நொய்யல் ஆற்றில் விடப்பட்டது. கமக்காரரின் நீர்ப்பாசனத்துக்கென அவ்வாற்றின் குறுக்கே 1992 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவின் தேக்கமாயிற்று. நீர் வேண்டுமெனக் கேட்ட கமக்காரர்களே, அவ்வணை நீரைத் திறக்கவேண்டாமெனக் கேட்கும் நிலை உண்டாயிற்று. ஈற்றில் 2011 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், கழிவுநீரை வெளிவிடாத ஏற்பாட்டை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர்.

அங்கே நிலத்தைக் கெடுத்ததிற் பெரும்பங்கு நிறத்துக்கன்று, உப்புக்கே உரியது. பருத்தித் துணியிற் சாயம் பற்றுவதற்காக ஓர் இலீற்றர் நீருக்குப் பத்துக்கணக்கான கிராம் உப்பு இடப்படுகின்றது. அவ்வுப்பு மண்ணிற் படிந்தால், ஈரம் இருந்தும் பயிரின் வேர் நீரை உறிஞ்ச மாட்டாது. இதனையும் மறவாது மேலே செல்வோம்.

மரத்தை உக்கச் செய்யும் பங்கசு

மழை பெய்து ஓய்ந்தபின், விழுந்து கிடக்கும் மா, பலா மரங்களின் மேல் விசிறிபோலவும் தட்டுப்போலவும் காளான்கள் முளைத்திருப்பதைக் காணலாம். அக்கட்டையைப் பிளந்தால், மரம் வெளிறி நார்நாராகப் பிரியும். இதனை வெண்ணிற உக்கல் என்பர்.

மரத்துக்கு வலிமை தருவது இலிக்னின் என்னும் பொருளாகும். அது வளையங்கள் பல ஒழுங்கின்றிப் பின்னிய வலை போன்றது. உயிர்களின் நொதியங்கள் பெரும்பாலும் பூட்டுக்கேற்ற திறப்புப் போல, ஒரே வடிவுள்ள பொருளில் மட்டும் தொழிற்படுவன. ஒழுங்கற்ற இலிக்னினுக்கு அத்தகைய திறப்பு உதவாது. ஆகையால் வெண்ணிற உக்கற் பங்கசுகள் வேறொரு வழியைக் கைக்கொள்கின்றன. அவை தம் இழைகளுக்கு வெளியே லாக்கேசு, பேரொட்சிடேசு என்னும் நொதியங்களைச் சுரக்கின்றன. செம்பைக் கொண்ட லாக்கேசு, காற்றிலுள்ள ஒட்சிசனைப் பயன்படுத்தும். இரும்பைக் கொண்ட பேரொட்சிடேசு, ஐதரசன் பேரொட்சைட்டைப் பயன்படுத்தும். இவை எதிர்ப்படும் வளையங்களிலிருந்து இலத்திரன்களைப் பறித்து அவற்றைக் குலைக்கின்றன. சாயத்திலும் அத்தகைய வளையங்களே உள்ளன. மரத்துக்கென இயற்கை செய்த கோடரி சாயத்தையும் வெட்டுகின்றது.

லாக்கேசினை 1883 ஆம் ஆண்டில் யப்பானியரான யோசிடா என்பவர் அரக்கு மரப்பாலிற் கண்டறிந்தார். சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1983 இல், பனரோகீற்றே கிறைசோஸ்போரியம் என்னும் பங்கசிலிருந்து இலிக்னினைக் குலைக்கும் பேரொட்சிடேசை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். அப்பங்கசு சாயங்களை நிறமிழக்கச் செய்யும் என்பதும் அவ்வாண்டிலேயே வெளியிடப்பட்டது. அசோ சாயங்களையும் அது சிதைக்கும் என 1990 இற் காட்டப்பட்டது. நாம் உண்ணும் சிப்பிக் காளானும் இதே வெண்ணிற உக்கல் வகையைச் சேர்ந்ததாகும்.

பங்கசு பற்றிய அறிவு கண்டிப் பகுதிக்குப் புதிதன்று. பேராதனைத் தாவரவியற் பூங்காவில் 1905 முதற் பங்கசியலாளராகப் பணியாற்றிய தோமஸ் பெற்ச், இறப்பரையும் தேயிலையையும் தாக்கும் பங்கசு நோய்களை ஆராய்ந்து நூல்கள் இயற்றினார். அவரும் பிஸ்பியும் தொகுத்த இலங்கைப் பங்கசுகளின் பட்டியல் 1950 இல் வெளியாயிற்று. அன்று பெரிதும் பயிரின் பகையாகவே நோக்கப்பட்ட இனத்துள் இன்று துணையையும் தேடுகிறோம்.

கழித்த காளான் பைகளின் பயன்

கண்டியைச் சூழ்ந்த கிராமங்களிற் காளான் வளர்ப்பு ஒரு வீட்டுக் கைத்தொழிலாகும். மரத்தூள் 10 கிலோகிராமுக்குத் தவிடு 1 கிலோகிராம் என்னும் அளவிற் கலந்து, சிறிதளவு பயற்றமாவும் சுண்ணப்பொருளும் சேர்த்துப் பையிலிட்டு, ஆவியில் அவித்து, வித்து இடுவர். சில மாதங்கள் காளான் பறித்தபின் பை கழிக்கப்படும். காளான் விளைச்சல் குறைந்தாலும், பையினுள் வெண்ணிற இழையும் நொதியமும் எஞ்சியிருக்கும். ஆகவே செலவின்றிக் கிடைக்கும் இப்பைகளைக் கொண்டு, சிறு பட்டறையினர் பின்வருமாறு சோதித்துப் பார்க்கலாம்.

முதலாவது, பற்றிக் துணியை அவித்த நீரை ஆறவிட்டு, மேலே மிதந்து உறையும் மெழுகை எடுத்துவிடுக. அம்மெழுகு மீண்டும் உதவும்.

இரண்டாவது, சாயநீரை அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் காற்றுப்பட வைத்து, அடியிற் படிந்ததைச் சீலையில் வடிகட்டுக. பின்னர் அதனை நல்ல நீருடன் கலந்து ஐதாக்குக; செறிந்த சாயம் பங்கசை நலிவிக்கும்.

மூன்றாவது, சலவைச் சோடா இட்ட சாயநீர் காரமாயிருக்கும். பங்கசு சிறிது புளிப்பான நீரையே விரும்புமாதலின், வினாகிரியைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பீ.எச். தாளாற் பார்த்து, 5 என்னும் அளவுக்குக் கொண்டுவருக. வெளிற்றும் தூளை இதனுடன் எக்காரணங்கொண்டும் சேர்க்கலாகாது. அது பங்கசைக் கொல்லும். புளிப்புநீருடன் சேர்ந்தால் நச்சுவாயுவையும் எழுப்பும்.

நான்காவது, மூன்று வாளிகளை எடுத்து அடியிற் சிறு துளையிட்டு, அதன்மேற் பரற்கற்களும் தும்பும் பரப்புக. முதலாவதில், பச்சைப் பூஞ்சணம் பிடிக்காத கழித்த பையின் மரத்தூளை உதிர்த்து இடுக. இரண்டாவதில், அதே தூளை நன்கு அவித்து ஆறவைத்து இடுக. மூன்றாவதில் ஒன்றும் இடவேண்டாம். மூன்றிலும் ஒரே அளவு சாயநீரை மெதுவாக ஊற்றி, கீழே வடிவதை நாள்தோறும் சிலமுறை மீண்டும் மேலே ஊற்றுக. தூளை நீரில் மூழ்கடிக்கலாகாது. காற்றின்றேல் நொதியம் தொழிற்படாது. யூரியா முதலிய பசளையையும் இடலாகாது. முன்னர்க் கூறிய பனரோகீற்றே நைதரசன் குறைந்தவிடத்தே இலிக்னினைச் சிதைக்க முற்படுவதென அறியப்பட்டுள்ளது. மிகுந்த பசளை பற்றீரியாக்களுக்கே விருந்தாகும்.

சில நாட்களின் பின் மூன்றையும் ஒப்பிடுக. அவித்த தூளும் ஓரளவு நிறத்தை நீக்கும். ஆனால் அது சாயத்தைத் தன்மேற் பற்றிவைத்ததேயன்றி அழித்ததன்று, ஆதலால் தூள் சாயமேறி நிற்கும். உயிருள்ள தூள் நாளடைவிற் சாயம் வெளிறி வருமாயின், பங்கசு தொழிற்படுகின்றது என அறியலாம். தூளிலிருந்து கசியும் தேயிலைச்சாயம் போன்ற கபில நிறத்தைத் துணிச்சாயமென மயங்கற்க. கண்டியின் மிதமான வெப்பநிலை இவ்வேலைக்கு ஏற்றதாகும்.

பயறு சொல்லும் சாட்சி

கண்ணுக்குத் தெளிந்த நீர் பயிருக்கு ஏற்றதா என்பதை விதையிடமே கேட்கவேண்டும். மூன்று தட்டங்களில் ஈரச்சீலை விரித்து, ஒவ்வொன்றிலும் ஐம்பது பயற்றம் விதைகளை இடுக. ஒன்றுக்குக் கிணற்று நீரும், மற்றொன்றுக்குத் தெளிவியாத சாயநீரும், பிறிதொன்றுக்குத் தெளிவித்த நீரும் தெளித்து, ஐந்தாம் நாள் முளைத்தவற்றை எண்ணி, வேரின் நீளத்தையும் அளந்து குறித்துக்கொள்க. தெளிவித்த நீரில் வேர் குறுகி நிற்குமாயின், நிறம் நீங்கியும் கேடு நீங்கவில்லை என்பது பொருள். நன்றாக முளைத்தாலும், அந்நீர் பயிருக்கு முழுதும் ஏற்றதென்று அதனால் முடிவாகாது.

பங்கசினால் ஆகாதவை

பங்கசு உப்பை அழிக்கமாட்டாது. சில சாயங்களிலுள்ள குரோமியம், செம்பு முதலிய உலோகங்களையும் அழிக்கமாட்டாது. அவற்றைத் தன் உடலிற் சேர்த்துக்கொள்ளவே கூடும். ஆகையால் சாயநீர்பட்ட தூளில் முளைக்கும் காளானை உண்ணலாகாது. அத்தூளைக் காய்கறித் தோட்டத்துக்குப் பசளையாக இடலாகாது. தெளிவித்த நீரையும் கீரைக்கோ நாற்றுமேடைக்கோ பாய்ச்சலாகாது. அதனை அடுத்த துணியின் முதற் கழுவலுக்குப் பயன்படுத்துதல் சிறந்தது.

பெரிய ஆலைகளுக்கு இம்முறை தனித்து ஏற்றதன்று. பங்கசு மெதுவாகவே தொழிற்படும். திறந்த தொட்டியிற் பற்றீரியாக்கள் அதனை வென்றுவிடும். அங்கே ஏனைய சுத்திகரிப்பு முறைகளே முதன்மையானவை. சாயமிடுவோர் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் உரிமம் பெறவேண்டியவரா என்பதையும், எந்நீரை எங்கே விடலாம் என்பதையும், மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமோ உள்ளூராட்சி மன்றத்திடமோ கேட்டறிதல் கடமையாகும். மூன்று வாளிச் சோதனை அவ்வுரிமத்துக்கு ஈடாகாது.

எல்லாவற்றினும் மேலான வழி, சாயத்தையும் உப்பையும் அளந்து இடுதலும், ஒரே சாயநீரை மீண்டும் பயன்படுத்துதலுமேயாம். நீரிற் சேராத சாயத்தை நீக்கவேண்டிய தொல்லையில்லை. சேர்ந்ததை ஓடையில் விடுமுன் ஒரு வாளி மரத்தூளேனும் வடிக்கட்டும். ஐம்பது பயறேனும் சாட்சி சொல்லட்டும். பட்டறைக்காரரும் தோட்டக்காரரும் அவ்வைம்பது விதைகளை ஒருங்கிருந்து எண்ணுவார்களாயின், அயலவருக்கிடையே எழும் வழக்குகளும் குறையும். ஓடைநீரும் மெல்ல மெல்லத் தன் இயல்பை அடையும்.