தபால் சுமந்த முதலியார்

சர்க்கார் சேவகத்தை விட்டவன் என்ன செய்வான் என்று நம்மவரைக் கேட்டால், பென்ஷனை வாங்கிக்கொண்டு திண்ணையில் சாய்வான் என்பார்கள். படையிலோ, கப்பலிலோ, தபாலிலோ உழைத்துக் கற்ற ஒழுங்கைச் சொந்தத் தொழிலில் செலுத்தி உயர்ந்தவர்களை நாம் போதிய அளவு போற்றுவதில்லை. அத்தகையோருள் ஒருவர் நீலகிரி முத்துசாமி முதலியார்.

அவர் வெள்ளைக்காரருக்குத் தபால் சுமந்தவர். கோயமுத்தூரிலிருந்து கடிதங்களையும் செக்குகளையும் குன்னூருக்கும் உதகமண்டலத்துக்கும் கொண்டு சேர்ப்பது அவர் வேலை. மலை ரயில் குன்னூரை எட்டியது 1899-ஆம் ஆண்டில். உதகையை எட்டியது 1908-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் மலைப்பாதையில் மனிதன் காலையும் மாட்டின் தோளையும் நம்பியே ஊர் நடந்தது.

தபால் கொண்டு போகிறவன் கதவருகே நின்று திரும்பிவிடலாம்; வீட்டின் தேவை இன்னதென்று அறிந்தும் வரலாம். முதலியார் அறிந்து வந்தார். நம் இல்லங்களில் வெண்ணெய் பெரும்பாலும் நெய்யாக உருகுவதற்கே பிறக்கிறது. துரைமார்களோ அதை அப்படியே ரொட்டியில் தடவி உண்பவர்கள். அவர்களுக்கு அது நாள்தோறும் புதிதாக வேண்டும். சமவெளி வெயிலில் கெடும் அப்பண்டத்தை மலைக்குளிர் காத்துத் தரும். தேவையும் வசதியும் ஓரிடத்தில் கூடியிருப்பதைக் கண்ட முதலியார், 1905-ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலேயரின் வெண்ணெய் வியாபாரத்தையே விலைக்கு வாங்கிச் சிறு கடை வைத்தார். 1936-ஆம் ஆண்டில் அவர் குமாரர் சென்னியப்பன் பெங்களூர் பிரிகேட் ரோடில் கடை திறந்தார். பின்னர் 'நீல்கிரீஸ்' என்ற பெயர் தென்னாட்டு நகரங்களிலெல்லாம் பரவியது.

1905 என்ற ஆண்டைத் தேசத் தொண்டர்கள் மறக்க மாட்டார்கள். வங்கப் பிரிவினையை எதிர்த்துக் கல்கத்தாவில் சுதேசிச் சபதம் எழுந்த ஆண்டு அது. மறு ஆண்டு தூத்துக்குடியில் சிதம்பரம் பிள்ளை கப்பல் கம்பெனி கண்டார். அதற்காகச் சிறையில் செக்கும் இழுத்தார். அந்தத் தியாகத்தோடு வெண்ணெய்க் கடையை ஒரே தராசில் வைக்க நாம் துணியோம். பிள்ளை வெள்ளையரோடு போட்டியிட்டார். முதலியார் வெள்ளையருக்கே விற்றார். ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. பிறர் பொருளைச் சுமந்தவர், தம் பொருளுக்கு உடையவரானார். சுமக்கிறவன் உடையவனாவதன்றிச் சுதேசியத்துக்கு வேறு பொருள் உண்டோ?

ஆனால் வழக்கு அத்துடன் முடியவில்லை. 2006-ஆம் ஆண்டில் நீல்கிரீஸின் பெரும்பங்கு லண்டனைச் சேர்ந்த ஆக்டிஸ் என்னும் முதலீட்டு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. பிரிட்டிஷ் அரசுக்குச் சொந்தமான ஓர் ஸ்தாபனத்திலிருந்து 2004-ஆம் ஆண்டில் பிரிந்தது அந்நிறுவனம். 2012 வரை அதில் 100-க்கு 40 பங்கு அவ்வரசிடமே இருந்தது. ஆங்கிலேயரிடம் காசு கொடுத்து வாங்கிய வியாபாரம் நூறாண்டு கழித்து அவர் பக்கமே திரும்பிற்று! 2014-ஆம் ஆண்டில் பம்பாய் பியூச்சர் கூட்டத்தார் சுமார் 300 கோடி ரூபாய்க்கு அதனை வாங்கினர். பிறகு அக்கூட்டத்தாரே கடனில் மூழ்கினர். விற்றவரை நாம் குறை கூறவில்லை; தம் உடைமையை விற்க எவருக்கும் உரிமையுண்டு. பெறுவது ஒரு தலைமுறையின் திறமை. காப்பது பல தலைமுறைகளின் கடமை என்பதையே இதனால் அறிகிறோம்.

நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளுக்கு இந்தப் பாடம் உடனே வேண்டியிருக்கிறது. பல்லாயிரம் குடும்பங்கள் பசுந்தேயிலையைப் பறித்துச் சுமந்து ஆலை வாயிலில் கொட்டுகின்றன. விலையை வேறு யாரோ சொல்கிறார்கள். அவர்களுக்கென்று கூட்டுறவுத் தேயிலை ஆலைகள் உண்டு. அவ்வாலைகளை இணைக்கும் இன்ட்கோசர்வ் சம்மேளனம் 1965-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. சட்டப்படி அங்கத்தினரே சொந்தக்காரர். ஆனால் வரவு செலவைப் பாராமலும், மகாசபையில் வாய் திறவாமலும் இருப்பவர், பங்குப் பத்திரம் கையிலிருந்தும் சுமைகூலியே ஆவார்.

மேடையில் சுதேசியம் பேசும் நண்பர்கள் ஒருமுறை மலையேறட்டும். அந்த அங்கத்தினருடன் அமர்ந்து கணக்குப் புத்தகத்தைத் திறக்கட்டும். தபால் சுமந்த ஒருவர் தனியாய் நின்று சாதித்ததைப் பல்லாயிரவர் கூடிச் சாதிக்க இயலாதா?