மழை பெய்த நாள்தான் கணக்கு

பரளச்சியைச் சுற்றியுள்ள கரிசல்காடுகளில் புரட்டாசி பிறந்தால் வானத்தைப் பார்த்துத்தான் வேலை. விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தின் மானாவாரி பூமி இது. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. விதைத்த காட்டில் மழை விழுந்ததும் பயிருக்கு முந்திக்கொண்டு சாரணையும் கோரையும் கிளம்பிவிடும். முன்பெல்லாம் களையெடுக்க ஊருக்குள்ளேயே ஆள் இருந்தது. இன்று பலர் அருப்புக்கோட்டைப் பக்கம் மில் வேலைக்குப் போகிறார்கள். கிடைக்கிற ஆளுக்குக் கொடுக்கும் கூலியோ விளைச்சலுக்குக் கட்டுப்படியாவதில்லை. அதனால் மருந்துக்கடையில் களைக்கொல்லி வாங்கி அடித்துவிடுகிறார்கள். இதில் விவசாயியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

களை கருகியதும் மருந்தின் வேலை முடிந்தது. ஆனால் மருந்து முடிந்துவிடுவதில்லை. அடித்ததில் ஒரு பகுதி மண்ணில் இறங்கி, அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிறது. சில மருந்துகள் வெயிலில் சிதையும், சில ஆவியாகிவிடும். மண்ணை மஞ்சளாக்கும் பெண்டிமெத்தலின் உள்ளே இறங்காமல் மேல்மண்ணிலேயே கிடந்தால் இந்த இரண்டு வழியிலும் வீணாகிறது. விதைத்ததும் அடிக்கும் இந்த மருந்துக்கு மண்ணில் ஈரம் வேண்டும் என்று சொல்வது அதனால்தான். இன்னும் சில, மண்ணின் ஈரத்தோடு வினைபுரிந்து தாமாகவே உடையும். இவற்றுக்கெல்லாம் மேலாக, பெரும்பாலான களைக்கொல்லிகளை உடைத்துத் தீர்ப்பவை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள்.

இதைத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் ஆடஸ் என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்தபோது, சத்துக்குறைவால் பார்வை மங்கிய சக கைதிகளுக்கு ஈஸ்ட் வளர்த்துக் கொடுத்தவர் அவர். போருக்குப் பின், அப்போது புதிதாக வந்திருந்த 2,4-டி களைக்கொல்லியைத் தண்ணீரில் கலந்து மண்ணின் வழியாகத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். முதலில் சில நாட்களுக்கு மருந்து பெரிதாகக் குறையவில்லை. பிறகு சட்டென்று குறைந்தது. அதே மண்ணில் மறுபடி மருந்தை விட்டபோது தாமதமே இல்லாமல் காணாமல் போனது. மருந்தைத் தின்னத் தெரிந்த பாக்டீரியாக்கள் இதற்குள் மண்ணில் பெருகியிருந்தன. 1949இல் வெளியான அவருடைய ஆய்வு, மண் உயிருள்ளது என்பதற்கு இன்றைக்கும் நல்ல சான்று.

கரிசல்காட்டு விவசாயிக்கு இன்னும் நெருக்கமான மருந்து அட்ரசின். மக்காச்சோளத்துக்கு விதைத்த மூன்றாம் நாள் அடிப்பது. மக்காச்சோளம் இதைத் தன் உடலுக்குள்ளேயே முறித்துக்கொள்ளும். களைகளுக்கு அந்தத் திறமை இல்லை. அட்ரசின் மூலக்கூறில் குளோரின் அணு ஒன்று உண்டு. அதைப் பிடுங்கிவிட்டால் களையைக் கொல்லும் சக்தி போய்விடும். அமெரிக்காவின் மினசோட்டாவில் களைக்கொல்லி சிந்திக் கிடந்த ஓர் இடத்து மண்ணிலிருந்து விஞ்ஞானிகள் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, 1995இல் அதைப் பற்றி எழுதினார்கள். அது முதலில் குளோரினைக் கழற்றுகிறது. அடுத்தடுத்து மிச்சத்தையும் உடைத்து, அதிலிருந்து தனக்கு வேண்டிய தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. கடைசியில் எஞ்சுவது கரியமில வாயுவும் அம்மோனியாவும். 1950களின் இறுதியில் சந்தைக்கு வந்த ஒரு செயற்கைப் பொருளை உணவாக்கிக்கொள்ள மண்ணுக்கு நாற்பது ஆண்டுகூடத் தேவைப்படவில்லை.

அப்படியானால் கவலை இல்லை என்று இருந்துவிடலாமா? இங்கேதான் வானம் பார்த்த பூமியின் கணக்கு வேறாகிறது.

ஒரு மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலத்தை அரை ஆயுள் என்பார்கள். அட்ரசினுக்குக் கையேடுகள் தருவது ஏறக்குறைய 60 நாள். 100 கிராம் அடித்தால் இரண்டு மாதத்தில் 50, நான்கு மாதத்தில் 25, எட்டு மாதத்தில் ஆறு கிராமுக்குச் சற்று மேல். ஐப்பசியில் அடித்தது அடுத்த ஆனியில் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் அந்த 60 நாள், மண் ஈரமாக இருக்கிற நாள். ஈரம் இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் ஒடுங்கிக் கிடக்கும். பரளச்சிப் பக்கம் தை கழிந்தால் நிலம் பாளம் பாளமாக வெடித்துவிடும். கோடை மழை ஒன்றிரண்டு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் மறுபடி புரட்டாசிதான். நாட்காட்டியில் எட்டு மாதம் ஓடியிருக்கும். மருந்தைத் தின்னும் உயிர்களுக்கோ அதில் சில வாரங்கள்தான் வேலை நாள். பருவமழை பொய்த்த ஆண்டில் அதுவும் குறையும்.

கரிசலுக்கு இன்னொரு குணம் உண்டு. அது காரத்தன்மை பக்கம் சாய்ந்த மண். அதன் கார அமில நிலை பெரும்பாலும் 8ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அட்ரசினும், நெல்லில் பயன்படும் மெட்சல்பியூரான் போன்ற மருந்துகளும் ஈரத்தில் தாமாக உடைவது அமில மண்ணில்தான் வேகமாக நடக்கும். நீலகிரியின் தேயிலைத் தோட்ட மண்ணில் கிடைக்கும் அந்த உதவி கரிசலில் கிடைக்காது. கூடவே அங்ககச் சத்தும் இங்கே குறைவு. ஆக, மருந்தை உடைக்க வேண்டிய கைகளில் ஒன்று கட்டப்பட்டிருக்கிறது, இன்னொன்றான நுண்ணுயிர் பட்டினி கிடக்கிறது.

சிதைவது வேறு, ஒட்டிக்கொள்வது வேறு. பாராகுவாட் மண்ணில் பட்டவுடன் களிமண் அடுக்குகளுக்குள் நுழைந்து இறுகப் பிடித்துக்கொள்ளும். கரிசலில் உள்ள களிமண் இதற்கு மிகவும் தோதானது. அதன் பிறகு அது பயிரைத் தொடாது. ஆனால் அழிவதும் இல்லை. ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். கேனில் இருக்கும்போதோ அது மனிதருக்கு மாற்று மருந்தே இல்லாத விஷம். கேரளம் 2011இல் அதைத் தடை செய்தது. கிளைபோசேட்டின் கதை வேறு மாதிரி. இரும்புச் சத்துள்ள செவல் மண் அதை இறுகப் பிடிக்கும். காரத்தன்மையுள்ள மண்ணில் பிடி தளரும். நுண்ணுயிர்கள் அதை ஆம்பா என்ற பொருளாக மாற்றுகின்றன. அந்த ஆம்பா தாய்ப்பொருளைவிட அதிக நாள் தங்கும். மருந்து குறைந்துவிட்டது என்ற கணக்கில் இந்த மிச்சத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கு உரிமம் பெற்றவர்கள் தவிர வேறு யாரும் கிளைபோசேட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆணையிட்டது.

வெடித்த கரிசலில் முதல் மழையின் தண்ணீர் மேல்மண்ணில் ஊறி மெதுவாக இறங்குவதில்லை. வெடிப்பு வழியாக நேரே கீழே போகிறது. மேலே தங்கியிருந்த மருந்தையும் மண்துகளையும் கூடவே கொண்டுபோகிறது. ஆழத்தில் வெயில் இல்லை, நுண்ணுயிரும் சொற்பம். அங்கே போன மருந்துக்கு அவ்வளவு சீக்கிரம் முடிவு இல்லை. ஜெர்மனி 1991இல் அட்ரசினைத் தடை செய்தது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே நிலத்தடி நீரில் அதுவும் அதன் சிதைவுப் பொருட்களும் இருந்தன. மண் நிறைந்து வெடிப்பு மூடியபின் பெய்யும் மழை வேறு பக்கம் போகும்: ஓடையாகிக் கண்மாய்க்கு. கண்மாயில் ஆடுமாடு தண்ணீர் குடிக்கிறது, மீன் வளர்கிறது. மருந்து அடித்த கையோடு தெளிப்பானைக் கண்மாய்க் கரையிலோ ஊருணிப் படியிலோ கழுவுவது, காட்டிலிருந்து ஓடிவரும் மருந்தைவிட அடர்த்தியாக அங்கே சேர்ப்பது. கழுவிய தண்ணீரை மருந்து அடித்த காட்டிலேயே ஊற்றிவிட்டால் போதும். அங்கே அதைத் தின்ன உயிர்கள் இருக்கின்றன.

அந்த உயிர்களுக்கு உணவு வேண்டும். மாட்டுக்குப்பையும் ஆட்டுக்கிடையும் பயிருக்கு உரம் மட்டுமல்ல. கிடை போட்ட காட்டில் நுண்ணுயிர் பெருகும், ஈரமும் கூடுதல் நாள் நிற்கும். இரண்டும் மருந்து சிதைவதற்குத் துணை. மருந்தையும் காடு முழுக்க அடிக்க வேண்டியதில்லை. விதை வரிசையை ஒட்டி மட்டும் அடித்துவிட்டு, இடைவெளியை ஊடு உழவுக்கு விட்டால் மண்ணில் சேரும் அளவு பாதிக்கும் கீழே போகும்.

மக்காச்சோளத்தில் ஊடுபயிராகப் பயறு போடுவதாக இருந்தால் அட்ரசின் அடிக்கவே கூடாது, பெண்டிமெத்தலின் அடிக்க வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஊடுபயிருக்குச் சொன்ன இந்த எச்சரிக்கை, வறண்ட ஆண்டுக்குப் பிறகு வரும் அடுத்த பயிருக்கும் பொருந்தும். மருந்து மிச்சம் இருக்கிறதா என்று அறிய ஆய்வகம் போக வேண்டும் என்பதில்லை. ஆவணியில், விதைப்புக்கு மூன்று வாரம் முன்னால், காட்டின் நாலைந்து இடங்களில் அரை அடி ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து ஒரு தொட்டியில் நிரப்ப வேண்டும். மருந்தே படாத வரப்பு மண்ணை இன்னொரு தொட்டியில். இரண்டிலும் உளுந்தோ வெள்ளரியோ விதைத்து, ஒரே அளவு தண்ணீர் விட வேண்டும். முளைத்ததைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. விதையில் இருக்கும் சத்து தீரும் வரை இரண்டும் பச்சையாகவே நிற்கும். அட்ரசினின் வேலை இலை தன் உணவைத் தானே சமைக்கத் தொடங்கியபின்தான் தெரியும். இரண்டு, மூன்று வாரத்தில் காட்டு மண்ணில் உள்ள செடி மட்டும் அடியிலைகளின் ஓரம் மஞ்சளாகிக் கருகினால், அந்தப் பருவத்துக்கு அங்கே பயறு வேண்டாம். சோளமோ மக்காச்சோளமோ விதைக்கலாம், அவை தாங்கும்.