வாடிக்கையாளருக்கு இரட்டைப் பூட்டு, வங்கிக்குள்?

ஐதராபாத்: இணையத்தில் அட்டை மூலம் பொருள் வாங்குவோரிடம் இரண்டாவது சரிபார்ப்பைக் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2009ல் கட்டாயமாக்கியது. வங்கிக்குள்ளேயே காவல் தளர்ந்தால் என்ன நேரும் என்பதை, ஐதராபாத்தில் உள்ள ஆந்திரப் பிரதேச மகேஷ் கூட்டுறவு நகர வங்கியில் நடந்த கொள்ளை உணர்த்தியது.

2021 நவம்பரில் அவ்வங்கி ஊழியர்களுக்குப் போலி மின்னஞ்சல்கள் வந்தன. அவற்றைத் திறந்ததும், தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் தீய மென்பொருள் உள்ளே புகுந்தது. 2022 ஜனவரியில் ரூ.12 கோடிக்கும் அதிகமான தொகை வேறு கணக்குகளுக்குக் கடத்தப்பட்டது. உயர் நிர்வாக அதிகாரம் கொண்ட கணக்குகள் சிலவற்றுக்கு ஒரே கடவுச்சொல் இருந்ததாகப் போலீசார் தெரிவித்தனர்.

கடவுச்சொல்லுடன், கைபேசியில் தோன்றும் எண்ணையோ தனிப் பாதுகாப்புச் சாவியையோ கட்டாயமாக்கினால், திருடிய கடவுச்சொல் மட்டும் கொண்டு உள்ளே நுழைய முடியாது. ஊழியரின் கணினியே கைப்பற்றப்பட்டால் இதுவும் முழுக் காப்பாகாது; எனினும், திருடனின் வேலை கடினமாகும்.

2023ல் ரிசர்வ் வங்கி விதித்த அபராதம் ரூ.65 லட்சம். பறிபோனதோ அதைப் போல் பல மடங்கு. வாடிக்கையாளருக்கு விதித்த கட்டுப்பாட்டை நிர்வாகமும் தனக்கு விதித்துக் கொள்வதே முறை.