யார் காசு, யார் தேர்வு?

மாத மளிகைப் பட்டியலில் வரும் குளியல் சோப்பு வீட்டுக்கே பொது. அதை மாற்ற வேண்டுமானால் மாமியார், கணவர், பிள்ளைகள் என எல்லோரும் இசைய வேண்டும். பாக்கெட் ஷாம்பு அப்படியன்று. சில்லறைக் காசில் ஒரு பெண் தனக்கெனத் தானே வாங்கிக்கொள்வது அது. அழகுப் பொருள்களில் பெண்கள் எந்த நிறுவனத்தை நாடுகிறார்கள் என ஆராய்வோர் விளம்பரத்தையும் நடிகையரையும் முதலில் எண்ணுகிறார்கள். காசு யாருடையது, எவ்வளவு என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

இதற்குச் சான்று கடலூரில் இருக்கிறது. ஷாம்பு என்றாலே புட்டி, புட்டி என்றாலே வசதியானவர் வீடு என்றிருந்த காலத்தில் அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்தவர் சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். ஐந்து காலி பாக்கெட்டுகளுக்கு ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார். தொடக்கத்தில் எந்த நிறுவனத்தின் காலி பாக்கெட்டும் செல்லும். பின்னர் சிக் பாக்கெட் மட்டுமே செல்லும் என்றானது. இலவசம் வேண்டுவோர் சிக்கைக் கேட்டு வாங்கினர். கடைக்காரரும் அதைச் சரமாகத் தொங்கவிட்டார்.

அடுத்து மல்லிகை மணம் வந்தது. கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா எனப் பாண்டியன் அவையில் வழக்காடியதாகக் கதை சொல்லும் நாட்டில், பூ மணக்கும் ஷாம்புவுக்குத் தனி விளக்கம் தேவைப்படவில்லை. பின்னாளில் அது 50 காசுக்கும் கிடைத்தது. விருப்பம் எதுவாயினும், கைக்காசுக்குள் அடங்கி, தெருமுனைப் பெட்டிக்கடையில் இருப்பதைத்தானே வாங்க முடியும்?

சிவப்பழகு க்ரீமின் கதை வேறு. அதுவும் சிறு பாக்கெட்டில் பெட்டிக்கடை வரை வந்தது. காசும் பெரும்பாலும் அவளுடையதே. தேர்வு மட்டும் அவளுடையது என்று என்னால் சொல்ல இயலவில்லை. பெண் பார்க்க வருவோர் நிறத்தைப் பேசும்போதே அந்தத் தேர்வு நடந்துவிடுகிறது. இந்தியாவில் 1975-இல் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி' நல்ல வேலையையும் நல்ல வரனையும் நிறத்தோடு முடிச்சுப் போட்டே நெடுங்காலம் விளம்பரம் செய்தது. அந்த அச்சத்தை நிறுவனம் உருவாக்கவில்லை. வீடுகளில் இருந்ததை எடுத்து விற்றது. எதிர்ப்பு வலுத்த 2020-இல் 'ஃபேர்' நீங்கி 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. 'மணமகள் தேவை' விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' இன்னும் நீங்கவில்லை.