படம் மெய், செய்தி பொய்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. கைப்பேசியில் நொடிக்கொரு செய்தி வந்து விழும் இந்நாளில் இதன் பொருளை நமக்கு நன்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று நம் தமிழகத்திலேயே நடந்தது.

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர் என்ற வதந்தி காட்டுத்தீயெனப் பரவியது. சான்றாகச் சில வீடியோக்கள் சமூக வலைத்தளங்களில் உலவின. அவற்றுள் ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தமக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று, கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களிடையே நடந்த சண்டை. காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு இதனை விளக்கினார். ஆம், சண்டை நடந்தது மெய். அதன்மேல் எழுதப்பட்ட வாசகமே பொய்!

அப்பொய்யின் விளைவு என்ன? தொழிலாளர் பலர் அஞ்சி நடுங்கினர். சிலர் ஊர் திரும்ப ரயிலேறினர். பீகார் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. அவ்வரசு அதிகாரிகள் குழு ஒன்றை இங்கு அனுப்பி உண்மையை அறிந்தது.

தீர விசாரிக்காமல் சில பத்திரிகைகளும் இவ்வதந்தியை வெளியிட்டன என்பது வருந்தத்தக்கது. ஆனால் கடமை தவறாத பத்திரிகையாளரின் பணி எத்துணை கடினமானது! வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். அதே காட்சி முன்பே வேறெங்கேனும் வெளிவந்ததா என்று தேட வேண்டும். கடைப் பலகையின் எழுத்து, வண்டியின் எண், பேசும் மொழி ஆகியவற்றை ஆராய வேண்டும். காவல் நிலையத்தில் கேட்டு, தொழிலாளரையும் நேரில் காண வேண்டும். இதற்கு நாட்கணக்கில் ஆகலாம். அதற்குள் பொய் இலட்சக்கணக்கானோரை எட்டிவிடும். பொய்யைப் படித்த அனைவரும் பின்னர் வரும் மறுப்பைப் படிப்பதில்லை. மேலும், பார்ப்போர் பெருகப் பெருக விளம்பர வருவாயும் பெருகுவதால், பரபரப்பூட்டுவதையே சிலர் தொழிலாகக் கொண்டுவிட்டனர்.

தோழியரே! நாம் அனைவரும் பத்திரிகையாளர் ஆகப் போவதில்லை. எனினும் ஒரு செய்தியைப் பிறருக்கு அனுப்பும்போது நாமும் அவர்கள் பணியையே செய்கிறோம். எனவே, இது எங்கே நடந்தது, எப்போது நடந்தது, யார் சொன்னது என்று மும்முறை கேட்போம். விடை கிடைக்காவிடில் அனுப்பாதிருப்போம். நம் ஊரில் வீடு கட்டவும் பனியன் தைக்கவும் வந்த ஒரு மகனை எண்ணி, தொலைவில் ஒரு தாய் வீணே கண்ணீர் வடிக்க நாம் காரணமாகலாமா?