நெற்றிக்குள் ஓர் இழுபறி

கண்ணாடி முன் உட்கார்ந்து கண்களை மூடிக்கொள்ளுங்கள். நெற்றியை நன்றாகத் தளரவிட்டு, விரல்களால் அதை அழுத்திப் பிடித்தபடியே கண்களை மெல்லத் திறங்கள். ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்குத் திடுக்கென்றிருக்கும். புருவம் அவர்கள் நினைத்திருந்த இடத்தைவிடக் கீழே இறங்கி, இமைமேல் பாரமாக உட்கார்ந்திருக்கும். இத்தனை நாள் அதைத் தூக்கி நிறுத்தியிருந்தது, விழித்திருக்கும் நேரமெல்லாம் ஓயாமல் உழைத்த ஒரு தசை. புருவம் உயர்த்தும் அறுவை சிகிச்சைக்கு வருபவரிடம் மருத்துவர் முதலில் பார்க்கும் சோதனைகளில் இதுவும் ஒன்று.

புருவத்தை மேலே தூக்க நம் முகத்தில் இருப்பது நெற்றித் தசை ஒன்றுதான். அதற்கு எலும்பில் பிடிமானமே கிடையாது. உச்சந்தலையைப் போர்த்தியிருக்கும் கெட்டியான சவ்வில் தொடங்கி, புருவத் தோலில் வந்து கலந்துவிடுகிறது. கீழே இழுக்கும் அணியிலோ ஆள் அதிகம். புருவத்தை நெரிக்க ஒன்று, மூக்கின் வேரிலிருந்து நெற்றிக்கு ஏறும் ஒன்று, கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் ஒன்று. ஒருவர் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமும் நின்று கயிறு இழுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் நெற்றிக்குள் வாழ்நாள் முழுக்க நடக்கிறது.

அந்த ஒற்றைத் தசையும் நெற்றியின் முழு அகலத்துக்கும் பரவவில்லை; நெற்றிப்பொட்டை நெருங்கும்போதே முடிந்துவிடுகிறது. புருவத்தின் வெளிமுனைக்குத் தாங்க ஆளில்லை. வயதாகும்போது முதலில் சரிவது அந்த வால்பகுதிதான். நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவரையும் பார்த்து "உடம்பு சரியில்லையா?" என்று கேட்க வைப்பது இதுவே. சரிந்த தோல் மேல்பார்வையை மறைக்கத் தொடங்கினால், மூளை சும்மா இருப்பதில்லை. நெற்றித் தசையை இன்னும் முடுக்கிவிடுகிறது. நெற்றியில் குறுக்கே ஓடும் கோடுகள் அந்த உழைப்பின் கணக்குதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அளந்து பார்த்த சில ஆய்வுகளில், வயது ஏற ஏறப் புருவத்தின் நடுப்பகுதி இறங்குவதற்குப் பதில் சற்று உயர்ந்தே இருந்திருக்கிறது.

இதைக் கத்தியால் சரிசெய்யும் முயற்சிக்கு நூறு வயதாகிவிட்டது. 1919-இல் பிரான்ஸின் ரேமோன் பாஸோ, நெற்றியில் ஆங்காங்கே தோலைச் சிறு துண்டுகளாக வெட்டியெடுத்துத் தைத்தால் புருவம் உயரும் என்று எழுதினார். பிறகு வந்த முறை, தலைமுடிக்குள்ளே ஒரு காதிலிருந்து மறு காதுவரை கீறி, நெற்றித் தோலை அப்படியே புரட்டிக் கீழே இறக்கி, உள்ளிருக்கும் தசைகளை நேரில் பார்த்துத் திருத்துவது. படிக்கவே குலை நடுங்கும். ஆனாலும் பல பத்தாண்டுகள் அதுதான் ராஜபாட்டை. இதில் கீறல் புருவத்திலிருந்து வெகுதூரம் தள்ளி இருப்பதால், புருவம் உயர வேண்டிய அளவைவிட அதிகமாகத் தலைத்தோலை வெட்டியெடுக்க வேண்டும். முடிவரம்பும் பின்னுக்குப் போய்விடும். ஏற்கெனவே ஏறுநெற்றிக்காரர்களுக்கு இது ஒத்துவராது. அவர்களுக்கு முடிவரம்பின் விளிம்பிலேயே கத்தியைச் சாய்த்துப் பிடித்துக் கீறுகிறார்கள். அப்படிச் சாய்வாக வெட்டும்போது தோலுக்குள் மயிர்க்கால்கள் மிஞ்சுகின்றன. சில மாதங்களில் தழும்பையே துளைத்துக்கொண்டு முடி முளைத்து, அதை மறைத்துவிடுகிறது. அறுவைத் தந்திரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

1990-களின் தொடக்கத்தில் எண்டோஸ்கோப் வந்து எல்லாவற்றையும் மாற்றியது. முடிக்குள்ளே சிறு கீறல்கள், மூன்றோ ஐந்தோ போதும். ஒன்றின் வழியே கேமரா, மற்றவற்றின் வழியே கருவிகள். எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையோடு சேர்த்து நெற்றியை எலும்பிலிருந்து பிரிக்கிறார்கள். கண்குழியின் மேல்விளிம்பில் அந்த உறை இறுக்கமாக ஒட்டியிருக்கும். அங்கே அதை அறுத்து விடுவிப்பதுதான் முழு சிகிச்சையின் உயிர்நாடி; அந்தப் பிடி தளராமல் மேலிருந்து எவ்வளவு இழுத்தாலும் புருவம் அசையாது. கூடவே, கீழே இழுக்கும் தசைகளில் சிலவற்றை வலுவிழக்கச் செய்கிறார்கள். எதிரணி தளர்ந்ததும் நெற்றித் தசை தானாகவே ஜெயிக்கத் தொடங்குகிறது.

இந்த முறையில் பெரும்பாலும் தோலை வெட்டியெடுப்பதே இல்லை. அப்படியானால் உபரித் தோல் எங்கே போகிறது? பின்னோக்கி நகர்ந்து தலைத்தோலின் பரப்பிலேயே பரவிவிடுகிறது. பிரித்த உறை எலும்பில் மறுபடி ஒட்டிக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை நெற்றியைப் புதிய இடத்தில் நிறுத்திவைக்க மண்டையோட்டின் மேற்பரப்பில் சிறு துளையிட்டுத் தைப்பார்கள், அல்லது சிறு திருகாணியோ உடலிலேயே கரைந்துபோகும் கொக்கியோ பொருத்துவார்கள்.

ஆபத்து நரம்புகளில் இருக்கிறது. புருவத்துக்கு மேலே எலும்பின் விளிம்பைத் தாண்டி ஏறும் உணர்வு நரம்புகள் அடிபட்டால் நெற்றியோ உச்சந்தலையோ மரத்துப்போகும். திரும்ப உணர்வு வரும்போது மாதக்கணக்கில் அரிக்கவும் செய்யலாம். இன்னொரு நரம்பு நெற்றித் தசையை இயக்குவது. காதுக்கு முன்னாலிருந்து புருவ வாலுக்குச் சற்று மேலே போகும் அதன் பாதையை 1966-இல் பிரேசிலின் ஈவோ பிட்டாங்கி கோடு போட்டுக் காட்டினார். அறுவை மேசையில் இன்றும் அந்தக் கோட்டை மனத்தில் வைத்துத்தான் கத்தி நகர்கிறது. அந்த நரம்பு அறுந்தால் அந்தப் பக்கப் புருவம் அடியோடு தொங்கிவிடும்.

கத்தியே வேண்டாம் என்பவர்களுக்கான வழி தற்செயலாகக் கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸ், இமை துடித்து மூடிக்கொள்ளும் நோய்க்குப் போட்டுலினம் நச்சை மிகச் சிறு அளவில் ஊசிமூலம் செலுத்திவந்தார். 1987-இல், அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணுக்குப் புருவங்களுக்கிடையே இருந்த கோடுகள் மறைந்துபோயின. ஜீனும் தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேரும் 1992-இல் அதைக் கட்டுரையாக்கினார்கள். இன்றைய போடாக்ஸ் அழகு சிகிச்சை பிறந்த கதை இது. கண்ணைச் சுற்றிய தசையின் வெளிப்பகுதியை இதே ஊசியால் தளர்த்தினால், புருவ வால் ஓரிரு மில்லிமீட்டர் உயரும். மூன்று நான்கு மாதங்களில் பழையபடி இறங்கிவிடும்.

ஓரிரு மில்லிமீட்டருக்கா இவ்வளவு பாடு? முகத்தில் அந்த அளவே மிகப் பெரிது. 2003-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், பிரபலங்களின் படங்களிலிருந்து கண்களை அழித்தும் புருவங்களை அழித்தும் காட்டினார்கள். கண்ணில்லாத முகத்தைவிடப் புருவமில்லாத முகத்தை அடையாளம் காணத்தான் மக்கள் அதிகம் திணறினார்கள். புருவ அசைவின் வலிமைக்கு நாயும் சாட்சி. நாய்களுக்கு உள்புருவத்தை உயர்த்தும் தசை நன்றாக வளர்ந்திருக்கிறது. ஓநாய்களில் அந்த இடத்தில் பெரும்பாலும் சில இழைகளே உண்டு என்று 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. மனிதனோடு வாழ்ந்த காலத்தில் நாய் இனத்துக்கு வாய்த்த அந்தப் பாவப்பட்ட பார்வைக்கு நாம் மசியாமல் இருப்பதில்லை. அறுவையில் தப்பும் இந்தச் சில மில்லிமீட்டர்களில்தான் நேர்கிறது. வால்பகுதியை விட்டுவிட்டு உள்முனையை அதிகம் தூக்கினால், எப்போதும் எதற்கோ வியந்துகொண்டிருக்கும் முகம் மிஞ்சும். பெண்களுக்குப் புருவம் எலும்பு விளிம்புக்குச் சற்று மேலே வளைந்தும், ஆண்களுக்கு விளிம்பை ஒட்டி ஏறக்குறைய நேராகவும் இருப்பது இயல்பு. ஆணின் புருவத்தை வில்லாக வளைத்துவிட்டால் பிறகு கீழே இறக்குவது பெரும்பாடு.

பலர் "இமைதான் தொங்குகிறது, அங்கே மட்டும் வெட்டினால் போதும்" என்றுதான் மருத்துவரிடம் வருகிறார்கள். வெட்டியதும் மேல்பார்வை தெளிவாகிறது. இனி உழைக்கத் தேவையில்லை என்று மூளை நெற்றித் தசைக்கு ஓய்வு கொடுக்க, புருவம் இறங்குகிறது. இமைமேல் மறுபடி மடிப்பு விழுகிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் செய்யும்போது முதலில் புருவத்தை உயர்த்திவிட்டு, அதன்பிறகே இமையில் எவ்வளவு தோல் உபரி என்று அளக்கிறார்கள். வரிசை மாறி இமையில் தாராளமாக வெட்டிவிட்டுப் பிறகு புருவத்தை ஏற்றினால், கண்ணை மூடத் தோல் போதாமல் போகும். தூக்கத்தில் இமை பாதி திறந்தே கிடக்க, கருவிழி உலர்ந்து புண்ணாகும்.