தோற்ற தலைவர், ஊர் ஊராகப் போன நீதிபதி

1969 ஆகஸ்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் சட்டமன்றத் தேர்தல். புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவர் தாமஸ் பெர்ஜருக்கு வயது 36. பதவிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கட்சி படுதோல்வி கண்டது. 55 இடங்களில் 12தான் கிடைத்தது. சொந்தத் தொகுதியும் கைவிட்டுப் போனது.

அரசியல் போனாலும் வக்கீல் தொழில் இருந்தது. அதில் அவர் ஏற்கெனவே பெயர் எடுத்தவர். அனுமதியின்றி ஆறு மான்களை வேட்டையாடியதாக 1963இல் இரண்டு பூர்வகுடியினர் மீது வழக்கு வந்தது. அவர்களுக்காக வாதாடிய பெர்ஜர், அந்த மக்களோடு ஆங்கிலேய ஆளுநர் 1854இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் எடுத்து வைத்தார். வேட்டை உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் வரை தீர்ப்பானது.

அடுத்தது நிஸ்கா என்ற பூர்வகுடி மக்களின் நில வழக்கு. எங்கள் நிலத்தை நாங்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லையே என்பது அவர்களின் கேள்வி. 1973இல் வந்த தீர்ப்பில் மூன்று நீதிபதிகள் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம். ஏழாமவர் நடைமுறைக் குறையைக் காட்டித் தள்ளுபடி செய்தார். வழக்கு தோற்றது. ஆனால் பூர்வகுடிகளுக்கு நில உரிமை சட்டப்படி இருந்தது என்பதை ஆறு பேர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு மத்திய அரசு பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தது. அதற்குள் பெர்ஜர் மாகாண உச்ச நீதிமன்ற நீதிபதியாகியிருந்தார்.

1974இல் இன்னொரு வேலை வந்தது. ஆர்க்டிக் எரிவாயுவை மெக்கென்சி பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே கொண்டுவரக் குழாய் பதிக்கலாமா என்று விசாரிக்க வேண்டும். நிபுணர்களை எல்லோநைஃப் நகரில் உட்காரவைத்துக் கேட்டதோடு அவர் நிறுத்தவில்லை. 35 ஊர்களுக்குப் போனார். ஊர்ப் பொதுக்கூடத்தில் வேட்டைக்காரர்களும் கிழவிகளும் அவரவர் மொழியில் பேச, மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லச் சொல்ல நீதிபதி குறிப்பெடுத்தார். கண்ணி வைக்கும் இடங்களை வரைபடத்தில் தொட்டுக் காட்டினார்கள். அன்றன்றைய சாட்சியத்தை சிபிசி வானொலி பூர்வகுடி மொழிகளிலும் ஒலிபரப்பியது. சுமார் ஆயிரம் பேர் சாட்சி சொன்னார்கள். எதிர்த்தரப்பும் சமமாக வாதாடட்டும் என்று பூர்வகுடி அமைப்புகளுக்கும் சூழல் அமைப்புகளுக்கும் அரசுப் பணம் கிடைக்க வழி செய்தார்.

1977 மே மாதம் வந்த அறிக்கை, காரிபூ மான்கள் கன்று ஈனும் வடக்கு யூகானில் குழாயே கூடாது என்றது. பள்ளத்தாக்கில் பத்தாண்டு பொறுங்கள், முதலில் நில உரிமையைத் தீர்த்துவையுங்கள் என்றது. அந்தக் குழாய் இன்றுவரை பதிக்கப்படவில்லை.

பொதுவிஷயங்களில் வாயை மூடிக்கொண்டிருப்பது நீதிபதியின் வழக்கம். பெர்ஜரால் அது முடியவில்லை. 1981இல் புதிய அரசியல் சட்ட வரைவிலிருந்து பூர்வகுடி உரிமைகளைத் தூக்கிவிட்டார்கள். அவர் வெளிப்படையாக எழுதினார், பேசினார். எதிர்ப்பு வலுக்க, உரிமைகள் திரும்பச் சேர்ந்தன; ஆனால் சக நீதிபதி ஒருவர் அவர் மீது புகார் கொடுத்தார். பேசியது சரியல்ல, பதவி பறிக்கும் அளவுக்குக் குற்றமுமல்ல என்று முடிவானது. 1983இல் அவரே ராஜினாமா செய்தார்.

இந்தியாவிலும் அவர் தடம் உண்டு. நர்மதையின் சர்தார் சரோவர் அணைக்குக் கடன் கொடுத்த உலக வங்கி, 1991இல் சுதந்திர ஆய்வுக்குழு ஒன்றை அமைத்தது. தலைவர் பிராட்ஃபோர்ட் மோர்ஸ், துணைத் தலைவர் பெர்ஜர். இங்கேயும் பள்ளத்தாக்கின் கிராமங்களுக்கு நேரில் போனார்கள். இடம்பெயரும் மக்களுக்கு முறையான மறுவாழ்வு சாத்தியமில்லை, வங்கி ஒதுங்கி நின்று யோசிக்கட்டும் என்றது 1992 அறிக்கை. மறு ஆண்டு இந்திய அரசு மிச்சக் கடன் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதனால் அணை வேலை நின்றுவிடவில்லை.

வயதான பிறகும் அவர் கறுப்பு அங்கியைக் கழற்றவில்லை. யூகானில் பீல் ஆற்றுப் படுகையைக் காக்க, மக்களிடம் கேட்டுத் தயாரான திட்டத்தை அங்குள்ள அரசு மாற்றிப்போட்டது. பூர்வகுடிகளுக்காக உச்ச நீதிமன்றத்தில் நின்றவர் பெர்ஜர்தான். 2017 டிசம்பரில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தபோது அவருக்கு வயது 84. 2021 ஏப்ரலில் காலமானார்.